கனவுக்குள் விழித்திருக்க ஒரு பயிற்சி

(ஆய்க்குடியில் ஊர்மக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனவைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வட்டாரம் எனக்குத் தெரியவில்லை. தென்காசிக் கோயிலின் தல வரலாறே ஒரு கனவில்தான் தொடங்குகிறது. வடக்கே காசிக்குப் போகும் அடியார்கள் வழியிலேயே மாண்டுபோகிறார்கள், தெற்கே எனக்கு ஒரு கோயில் கட்டு என்று சிவபெருமான் பராக்கிரம பாண்டியனின் கனவில் வந்து சொன்னார். எறும்புச் சாரை போகிற தடத்தைப் பிடித்துப் போ, இடம் தெரியும் என்றும் சொன்னார். 1446-இல் திருப்பணி தொடங்கியது. அந்தக் கோயிலைப் பார்த்துத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் குற்றாலத்தில் சித்திர சபை. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் அங்கே மட்டும்தான் அவர் ஓவியமாக இருக்கிறார். சிலையைத் தொழுதே பழகிய கண், அங்கே சுவரில் எழுதிய வண்ணத்தைத் தெய்வமாகக் காண்கிறது. கண்ணால் காண்பதும் மனத்தால் காண்பதும் எங்கே சந்திக்கின்றன என்ற கேள்வி நம் ஊர்களுக்குப் புதியது இல்லை.

இன்று நான் பேச வந்த கனவு பாண்டியன் கண்ட கனவிலிருந்து ஒரு விதத்தில் மாறுபட்டது. அவன் விழித்த பிறகுதான் தான் கண்டது கனவு என்று அறிந்தான். நாம் எல்லோரும் அப்படித்தான். கனவில் எவ்வளவு விசித்திரம் நடந்தாலும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சிலருக்குச் சில வேளைகளில், கனவு நடந்துகொண்டிருக்கும்போதே, 'இது கனவு, நான் படுக்கையில் தூங்கிக்கொண்டிருக்கிறேன்' என்ற அறிவு வந்துவிடுகிறது. விழிப்பு வருவதில்லை. கனவு தொடர்கிறது. கனவுக்குள் நின்று சுற்றிப் பார்க்கிறார்கள், நினைத்த இடத்துக்கு நடக்கிறார்கள். இதைத்தான் லூசிட் ட்ரீம் என்கிறார்கள். நான் தெளிகனவு என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்த அனுபவம் பழையது. திபெத்திய பௌத்தத்தில் நாரோபாவின் ஆறு யோகங்களில் ஒன்று கனவு யோகம். நம் சைவ சித்தாந்தம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று ஐந்து அவத்தைகளைச் சொல்லி, உயிர் ஒவ்வொன்றிலும் எந்தக் கருவிகளோடு நிற்கிறது என்று கணக்கெடுத்திருக்கிறது. மேற்கே, நெதர்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஈடன் 1898 முதல் 1912 வரை தனக்கு வந்த 352 தெளிகனவுகளைக் குறித்து வைத்து, 1913-இல் கட்டுரையாக வெளியிட்டார். என்றாலும் அறிவியல் உலகம் நெடுங்காலம் நம்பவில்லை. தூக்கத்தில் ஒருவர் தெளிவாக இருந்தார் என்பதற்கு அவர் வாய்ச்சொல்லைத் தவிர என்ன சான்று? ஒரு நொடி விழித்துவிட்டுத் திரும்பத் தூங்கியிருப்பார் என்றார்கள்.

சான்று கிடைத்த விதம் அழகானது. கனவு மிகுதியாக வரும் உறக்கத்தில் மூடிய இமைக்குள் விழி வேகமாக அசைகிறது. 1953-இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அதை வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் கழுத்துக்குக் கீழே உடம்பின் தசைகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும். மூளை 'ஓடு' என்று கட்டளை கொடுத்தாலும் மூளைத்தண்டு அதைக் கால்களுக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கிறது. கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டு எழுந்து ஓடாமல் இருப்பது அதனால்தான். விழிகளுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைப் பயன்படுத்திக்கொண்டார். தெளிகனவு அடிக்கடி வரும் ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக எட்டு முறை அசையுங்கள் என்று சொல்லி வைத்தார். 1975 ஏப்ரலில் ஒரு காலையில், விழியசைவைப் பதியும் கருவியின் தாளில் அந்த எட்டு அசைவும் பதிவாயின. மூளை அலையோ இவர் தூங்குகிறார் என்றது. ஹெர்னை அறியாமலேயே ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் அதே வழியில் முயன்று 1981-இல் முடிவுகளை அச்சேற்றினார். 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய 4 நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து இன்னும் ஒரு படி போயின. தூங்குகிறவரிடம் வெளியிலிருந்து 8-இல் 6 போனால் எவ்வளவு என்று கேட்டார்கள். கனவுக்குள் இருந்தபடியே அவர் விழியை இரண்டு முறை அசைத்துப் பதில் சொன்னார்.

இனி நம் பொருளுக்கு வருகிறேன். இந்த நிலைக்குள் போக மனக்காட்சி உதவுமா? கண்ணை மூடி ஒரு காட்சியை மனத்தில் கட்டி, அதன் வழியே கனவுக்குள் நுழைய முடியுமா?

முடியும் என்பதுதான் பதில். ஆனால் பெரும்பாலோர் நினைக்கிற விதத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மலையை, கடற்கரையை, பறப்பதை விடாப்பிடியாகக் கற்பனை செய்தால் அந்தப் படம் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டுக் கனவாக மாறிவிடும் என்று நம்புகிறார்கள். இரவெல்லாம் முயன்று, தூக்கமும் கெட்டு, நமக்கு இது வராது என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் தோற்றுப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் காட்டிய ஓர் ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்ததன் மையமே அதுதான்.

இப்போதே செய்து பாருங்கள். கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். கண் விரலைப் பின்தொடரட்டும். விழி தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, கையை அசைக்காமல், அதே விரல் நகர்வதாக மனத்தில் மட்டும் பார்த்துப் பின்தொடருங்கள். இமைமேல் விரலை லேசாக வைத்தால் தெரியும், விழி வழுக்குவதில்லை. தவளை மாதிரித் தாவித் தாவிப் போகிறது. 2018-இல் லபெர்ஜும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துச் சோதித்தார்கள். தெளிகனவுக்குள் இருப்பவர் தன் கனவுக் கையை நீட்டிக் கனவு விரலைப் பின்தொடர வேண்டும். அவர் விழி எப்படி அசைந்தது? நேரில் பார்ப்பவரின் விழியைப் போல வழுக்கிச் சென்றது. கற்பனை செய்பவரின் விழியைப் போலத் தாவவில்லை.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கனவு என்பது பலமாகச் செய்த கற்பனை இல்லை. மூளையைப் பொறுத்தவரை அது பார்வைக்கு நெருங்கிய உறவு. விழித்திருக்கும்போது முயன்று வரைகிற படத்தை எவ்வளவு தீட்டினாலும் அது கனவாக ஆகாது. முயற்சி ஓய்ந்து, உறக்கம் பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகு, கனவு தானே காட்டத் தொடங்கும். காட்சியை உண்டாக்கும் வேலை நம்முடையது இல்லை. அப்படியானால் மனக்காட்சிப் பயிற்சி எதற்கு?

ஞாபகத்துக்கு. அதற்கு மட்டும்தான். பஸ்ஸில் ஏறும்போதே, 'இறங்கினதும் மருந்துக்கடைக்குப் போகணும்' என்று நினைத்துக்கொள்கிறோம். வெறுமனே நினைத்தால் மறந்துபோகிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்குவதையும், எதிரே அந்தக் கடையின் பச்சைப் போர்டு கண்ணில் படுவதையும், சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுப்பதையும் ஒரு முறை மனத்தில் பார்த்துவிட்டால், போர்டைக் கண்டதும் ஞாபகம் தானே வந்துவிடும். லபெர்ஜ் வகுத்த முறை இதையே கனவுக்குச் செய்கிறது. எதிர்காலத்தில் ஒரு கணத்தில் எனக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும், அந்தக் கணத்தை இப்போதே ஒத்திகை பார்க்கிறேன் என்பதுதான் அதன் சாரம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து மைல்டு என்று பெயர் வைத்தார். எப்போதாவது வந்துகொண்டிருந்த தெளிகனவை இந்த முறையால் மாதத்துக்கு 20-ஐத் தாண்டும் அளவுக்குக் கொண்டுவந்ததாக 1980-இல் எழுதினார்.

செய்முறையைச் சொல்கிறேன். பிள்ளைகளும் கவனியுங்கள், ஆனால் பரீட்சை நாட்களில் இதைத் தொட வேண்டாம்.

விடியற்காலையில் ஒரு கனவிலிருந்து விழிக்கிறீர்கள் என்று வையுங்கள். உடனே புரண்டு படுக்காமல், கனவை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். குற்றாலத்துக்குப் போயிருந்தீர்கள். சீசன் கூட்டம். பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது. ஈரப்பாறை வழுக்குகிறது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி போகிறீர்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பக்கத்தில் உங்கள் தாத்தா உட்கார்ந்திருக்கிறார், உடம்பெல்லாம் நல்லெண்ணெய் மினுங்க. 'ஏல, துண்டை எங்கல வச்சே?' என்று கேட்கிறார். நீங்களும் துண்டைத் தேடுகிறீர்கள். விழித்துவிட்டீர்கள்.

தாத்தா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கனவில் அது உங்களுக்குத் தோன்றவே இல்லை. துண்டைத்தான் தேடினீர்கள்.

இப்போது கண்ணை மூடி அதே கனவுக்குத் திரும்புங்கள். பாறை, கம்பி, எண்ணெய் வாசம், கூட்டத்தின் இரைச்சல், எல்லாம் நடந்தபடியே வரட்டும். எதையும் அழகாக்க வேண்டாம். தாத்தா பேசுகிற இடம் வந்ததும் அங்கே நில்லுங்கள். இந்த முறை துண்டைத் தேடாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்து, 'தாத்தா போய்ச் சேர்ந்தாச்சே. அப்போ இது கனவு' என்று நீங்கள் உணர்வதாகக் காணுங்கள். அந்த உணர்வு வரும்போது உடம்பில் என்ன நடக்கும், மூச்சு எப்படி நிற்கும், சுற்றிலும் எப்படித் திரும்பிப் பார்ப்பீர்கள் என்பதையும் காணுங்கள். பிறகு மனத்துக்குள், 'அடுத்து கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் வரும்' என்று சொல்லிக்கொள்ளுங்கள். சொல்வதை நினைத்தே சொல்ல வேண்டும். காட்சியும் சொல்லும் மாறி மாறி வர, அதிலேயே தூங்கிப்போங்கள்.

ஆக, கற்பனை செய்ய வேண்டியது அருவியை இல்லை, அருவியின் முன் நின்று அறிந்துகொள்கிற உங்களை. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நேரமும் முக்கியம். உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. கனவு உறக்கம் முன்னிரவில் கொஞ்சமாகவும் விடியலை நெருங்க நெருங்க நீண்டும் இருக்கும். எனவே படுத்தவுடன் செய்வதைவிட, 5 மணி நேரம் தூங்கி எழுந்து சில நிமிடம் விழித்திருந்துவிட்டுச் செய்வது பலன் தருகிறது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. இப்படி எழுந்து மைல்டு முறையையும், பகலில் 'இது கனவா' என்று சோதித்துப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் சராசரியாக 17 சதவிகித முயற்சிகள் பலித்தன. பயிற்சியை முடித்த 5 நிமிடத்துக்குள் தூங்கிப்போனவர்களிடம் அது 46 சதவிகிதமாக உயர்ந்தது. மல்லுக்கட்டுகிறவருக்கு இல்லை, காட்சியோடு இதமாகத் தூக்கத்தில் நழுவுகிறவருக்கே கதவு திறக்கிறது.

காட்சியை எப்படிக் கட்டுவது என்பதற்குப் பாடம் கேட்க நாம் அடிலெய்டுக்குப் போக வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் பூசலார் இருக்கிறார். திருநின்றவூரில் வாழ்ந்த ஏழை அந்தணர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. கேட்டும் யாரும் கொடுக்கவில்லை. மனத்திலேயே கட்டத் தொடங்கினார். அவர் எப்படிக் கட்டினார் என்று சேக்கிழார் சொல்லும் வரிசையைக் கவனித்துப் படிக்க வேண்டும். முழுக் கோயிலைப் படம்போல ஒரே வீச்சில் அவர் நினைத்துவிடவில்லை. முதலில் பொருள் சேர்த்தார். கல்லும் மரமும் தேடினார். தச்சரை வருவித்தார். நல்ல நாள் பார்த்து அடிநிலை பாரித்தார். உபானம் முதல் சிகரம் வரை வரிசையாக எழுப்பினார். தூபி நட்டு, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளம் வெட்டினார். நெடுநாள் ஆயிற்று. குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் கற்றளி கட்டிக் குடமுழுக்குக்கு ஏற்பாடு செய்திருந்தான். முந்தின இரவு இறைவன் அரசனின் கனவில் வந்து, நாளை பூசலின் கோயிலுக்குள் போகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். அரசன் திருநின்றவூருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்க, ஊராருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இது அடியார் வரலாறு. அறிவியல் சான்றாக நான் இதை நீட்டவில்லை. ஆனால் மனக்காட்சி என்ற தொழிலை அறிந்த ஒருவர் எழுதிய வரலாறு இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே ஒன்றைக் காண வேண்டுமானால் கல் கல்லாகக் காண வேண்டும், வேலை நடக்கிற வரிசையில் காண வேண்டும், அவசரப்படக் கூடாது. கனவை மீட்டு ஓட்டும்போதும் இதேதான். செருப்பை எங்கே கழற்றினேன், எந்தப் பக்கம் திரும்பினேன், யார் முதலில் பேசினார்கள் என்று படிப்படியாகப் போகிறவருக்குக் காட்சி நிற்கும்.

கண்ணை மூடினால் இருட்டுதான் தெரிகிறது, படம் ஒன்றும் வரவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. இங்கேயும் சிலர் இருப்பீர்கள். அது குறை இல்லை. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமன் 2015-இல் இந்த இயல்புக்கு அஃபான்டேஷியா என்று பெயர் சூட்டினார். விழித்திருக்கும்போது மனத்தில் படமே தோன்றாத அவர்களில் பெரும்பாலோர் கனவில் காட்சி காண்பதாகச் சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்தார். விரும்பி வரைவதும் கனவில் தானாகக் காண்பதும் மூளையில் ஒரே வேலை இல்லை என்பதற்கு இது இன்னொரு சாட்சி. அப்படிப்பட்டவர்கள் படத்தை விட்டுவிட்டுத் தொடுகையைப் பிடித்துக்கொள்ளலாம். ஐந்தருவியில் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து தோளை அழுத்துகிற கனம், காது அடைத்துப்போகிற அந்த நொடி, வெளியே வந்ததும் சாரல் காற்றில் வரும் நடுக்கம். இவற்றை உடம்பால் நினைத்துக்கொள்ளலாம். நம் ஊர் ஆற்றங்கரைப் படியையும் எடுத்துக்கொள்ளலாம். அனுமன் நதிப் படித்துறையில் பாலசுப்பிரமணியருக்குப் படைத்த பாயசத்தைப் படியிலேயே ஊற்றிச் சிறு பிள்ளைகள் சாப்பிடுகிற படிப்பாயச நேர்த்திக்கடனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். குனிந்து உட்கார்ந்தது, கருங்கல்லின் சூடு, விரலில் ஒட்டிய இனிப்பு என்று இங்கே பிறந்த யார் உடம்பிலும் அது இருக்கும்.

விழிப்பிலிருந்து நேரே கனவுக்குள் போகிற வழியும் ஒன்று உண்டு. தூக்கம் வரும்போது கண்முன் புள்ளிகள், கோடுகள், அறியாத முகங்கள் தோன்றி மறையும். அவற்றைத் திருத்தாமல், துரத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அவை காட்சியாக விரிந்து, நாம் அதற்குள் நிற்போம். இது கடினம், எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த வழியில் போகும்போது, மனம் விழித்திருக்க உடம்பு முன்னதாகவே கனவு உறக்கத்தின் செயலற்ற நிலைக்குப் போய்விடுவது உண்டு. மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருக்கும், கத்த முடியாது. நம் பாட்டிமார் அமுக்குவான் பேய் என்பார்கள். பேயும் இல்லை, பக்கவாதமும் இல்லை. ஒரு சில நிமிடங்களில் தானே நீங்கிவிடும். விரல் நுனியை அசைக்க முயன்றுகொண்டு மூச்சை ஒரே சீராக விட்டால் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பயந்து மந்திரிக்கப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

இனி, இந்த ஊரில் பேச வேண்டும் என்று நான் விரும்பியதன் காரணத்துக்கு வருகிறேன்.

இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர், பொறியியல் மாணவர், 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன இடத்தில் கழுத்தெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்து திரும்பினார். அவர் எஸ். ராமகிருஷ்ணன். தனக்கு மருத்துவம் பார்த்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1992-இல் தசைச்சிதைவு நோய் கொண்ட பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் அவரோடு சேர்ந்துகொண்டார். அந்த இருவர் கட்டியதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் வாழ்க்கையைத் திரும்பப் பிடிக்க வருகிற ஊர் இது. அதனால் இந்தக் கேள்வியை இங்கேதான் கேட்க வேண்டும்: நடக்க முடியாதவர் கனவில் நடப்பாரா?

நடப்பார். பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களின் கனவுகளைச் சேகரித்து 2011-இல் வெளியிட்டார்கள். விபத்தில் கால் செயலிழந்தவர்கள் கனவில் நடந்தார்கள், அதில் வியப்பில்லை. பிறந்ததிலிருந்து ஓர் அடிகூட எடுத்து வைக்காதவர்களும் கனவில் நடந்தார்கள். பிறர் நடப்பதைப் பார்த்துப் பார்த்தே மூளை நடையை அறிந்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. அதே ஆண்டில் ஊர்சுலா வோஸ் தலைமையில் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், பிறவியிலேயே கால் செயலற்றவர்களின் கனவுக் குறிப்புகளையும் மற்றவர்களின் குறிப்புகளையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று மதிப்பிட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் முன்பு சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கனவு உறக்கத்தில் ஓட்டப்பந்தய வீரனின் காலும் அசைவதில்லை. அவன் கட்டளையும் மூளைத்தண்டில் தடுக்கப்பட்டுத்தான் கிடக்கிறது. இரவில் அந்த நேரத்தில் அவனும் இங்கே முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கிறவரும் ஒரே நிலையில் படுத்திருக்கிறார்கள், ஒரே நிலையில் நடக்கிறார்கள். யாருடைய நடை பொய், யாருடையது மெய் என்று அங்கே பாகுபாடு இல்லை.

அப்படியானால் தெளிகனவில் நடந்து பழகினால் கால் திரும்புமா? இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இல்லை என்பதால் மழுப்பாமல் சொல்கிறேன். அறுந்துபோன தண்டுவடத்தைக் கனவு ஒட்டவைக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. தெரிந்தது இவ்வளவுதான். மியூனிக்கில் மார்ட்டின் டிரெஸ்லர் குழுவினர் 2011-இல், தெளிகனவில் ஒருவர் கையை மூடித் திறந்தபோது, விழித்திருக்கையில் கை அசைக்கும்போது இயங்குகிற அதே மூளைப் பகுதி இயங்குவதைப் படம் பிடித்தார்கள். டேனியல் எர்லாகரும் மைக்கேல் ஷ்ரெடலும் 2010-இல், நாணயத்தைக் கோப்பைக்குள் குறிபார்த்து எறிவதைத் தெளிகனவில் பழகியவர்கள் காலையில் முன்னைவிடச் சரியாக எறிந்ததைக் கண்டார்கள். சிறிய ஆய்வு, முன்னோட்டம் என்றே அவர்கள் சொன்னார்கள். இதைக் காட்டி யாராவது உங்களிடம் சிகிச்சை என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பிசியோதெரபியை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

ஆனால் சிகிச்சை இல்லை என்பதால் மதிப்பில்லை என்று ஆகிவிடாது. படித்துறையில் ஒரு படி இறங்குகிறோம் என்ற உணர்வைத் தெரிந்தே அனுபவிப்பது அந்த மனிதருக்குச் சொந்தமான ஓர் அனுபவம். வேறு யாரும் அதற்கு விலை போட முடியாது. அதே சமயம், கனவில் நடந்துவிட்டு விழித்துச் சக்கர நாற்காலியைப் பார்க்கும்போது சிலருக்குத் துக்கம் முட்டும். எனவே இது அவரவர் விருப்பத்துக்கு விட வேண்டிய காரியம். வீட்டார் வற்புறுத்தக் கூடாது. கனவில் நடக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. நாற்காலியோடே தேரோட்டம் பார்க்கப் போகிற தெளிகனவும் தெளிகனவுதான்.

விபத்துக்குப் பிறகு அதே விபத்து கனவில் திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுக்கிறவர்களுக்கு மனக்காட்சி இன்னும் நேரடியாகவே உதவுகிறது. பகலில், விழித்திருக்கும்போது, அந்தக் கெட்ட கனவின் போக்கைத் தான் விரும்பியபடி மாற்றி எழுதி, மாற்றிய வடிவத்தைத் தினமும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பாரி கிராகோவ் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதனால் கெட்ட கனவுகள் குறைவதைக் காட்டியது. இன்று உறக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிற முறை இது. மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர் துணையோடு செய்யுங்கள்.

சில எச்சரிக்கைகள். நனவு எது, நினைப்பு எது என்று குழப்பம் தரும் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்தப் பயிற்சிக்குப் போக வேண்டாம். வலிப்பு உள்ளவர்களும் தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்களும் விடியற்காலையில் எழுந்து செய்யக் கூடாது. உறக்கம்தான் முதல் மருந்து. மற்றவர்களும் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெளிவு வந்ததும் உணர்ச்சிவசப்பட்டால் கனவு கலைந்துவிடும். கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் காட்சி நிலைக்கும் என்பது பழகியவர்கள் பலரும் சொல்வது.

தெளிகனவு யாருக்கோ வாய்க்கும் அபூர்வ வரம் என்று நினைக்க வேண்டாம். 2016-இல் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 55 சதவிகிதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அடைந்ததாகச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கூட்டத்திலும் பலருக்கு வந்திருக்கும். சொல்ல ஆள் இல்லாததால் மறந்திருப்பீர்கள்.

அதனால் என் வேண்டுகோள் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். ஒரு நோட்டும் பேனாவும் தலைமாட்டில் இருக்கட்டும். எழுத முடியாதவருக்கு, கை வராதவருக்கு, நீங்கள் எழுதிக் கொடுங்கள். காலையில் காப்பி கொடுக்கும்போது, செல்போனை எடுப்பதற்கு முன்னால், 'ராத்திரி என்ன கனவு கண்டீங்க?' என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல அப்படியே எழுதுங்கள். நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று பலன் சொல்லாதீர்கள், பாதியில் குறுக்கிடாதீர்கள். மனக்காட்சிப் பயிற்சிக்கு வேண்டிய மூலப்பொருள் அந்த நோட்டில்தான் இருக்கிறது.